அமேசான் வீராங்கனைகளின் அயலார் வெறுப்பு

அமேசான்கள் என்போர் கிரேக்கப் புராணங்களில் வரும் பெண் போர்க்குலத்தினர். 1941-இல் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் அறிமுகமான வொண்டர் வுமன், அதாவது டயானா, இக்குலத்து இளவரசியாகப் படைக்கப்பட்டவர். இக்கதைகளில் அமேசான்கள் வாழும் தீவு முதலில் பாரடைஸ் தீவு எனவும், 1987-க்குப் பின் தெமிஸ்கிரா எனவும் வழங்குகிறது. அத்தீவில் ஆண்கள் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம்.

பழைய கதையில் தெமிஸ்கிரா தீவன்று. கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கியில், தெர்மோடன் ஆற்றருகே இருந்ததாகச் சொல்லப்படும் நகரம். ஹெராக்ளீஸ் (ஹெர்குலிஸ்) தன் ஒன்பதாவது பணியாக, அரசி ஹிப்போலிட்டாவின் இடைக்கச்சையைப் பெற அங்கே செல்கிறான். அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பின்படி, அரசி அதைத் தருவதற்கு ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஆனால் ஹீரா தேவி அமேசான் உருவில் வந்து, அயலார் அரசியைக் கடத்திச் செல்கிறார்கள் என்று புரளி கிளப்புகிறாள். ஒருவரும் விசாரிக்கவில்லை, ஆயுதங்களோடு குதிரையேறி விரைகிறார்கள். அதைக் கண்ட ஹெராக்ளீஸ், இது சூழ்ச்சி என்று எண்ணி அரசியைக் கொன்றுவிடுகிறான். ஐயம் இரு பக்கமும் இருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

சித்திரக்கதையை எழுதிய உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் இதை மாற்றினார். அவர் கதையில் ஹெராக்ளீஸ் வஞ்சகமாகக் கச்சையைக் கவர்ந்து அமேசான்களை அடிமையாக்குகிறான். விடுதலை பெற்றபின், ஆண்களிடம் அடங்கிப்போனதன் கேட்டை மறவாதிருக்க அவர்கள் கையில் காப்பு அணிகிறார்கள். எனவே இந்த வெறுப்பு காரணமில்லாமல் வந்ததன்று. ஆனால் டயானா அந்த அடிமைக் காலத்திற்குப் பின் தோன்றியவர். அவர் கையிலும் காப்பு உண்டு!

விமானி ஸ்டீவ் ட்ரெவர் தீவில் விழுந்து காயமுறும்போது, அவனுக்குச் சிகிச்சை தர அரசி இசைகிறார். எனினும் விழித்தாலும் எதையும் பார்க்காதபடி கண்களை மூடிவைக்கக் கட்டளையிடுகிறார். 2017-இல் வந்த திரைப்படத்தில் அவனைத் துரத்திவரும் ஜெர்மானியப் படையினரின் துப்பாக்கிகளுக்கு அமேசான்கள் பலியாகிறார்கள். அச்சம் மெய்யானது போலத் தோன்றும் இடம் இது. ஆனால் அதே கடற்கரையில் ட்ரெவர் அவர்கள் பக்கம் நின்று போரிட்டான். அப்படியிருந்தும் அவனைக் கயிற்றால் கட்டித்தான் விசாரிக்கிறார்கள்.

ஆண்களைவிட, பானா-மிக்டால் கூட்டத்தாரின் கதையே இதை நன்கு விளக்கும். இவர்கள் அரசியின் தங்கை ஆன்டியோப்பியுடன் பிரிந்து சென்ற அமேசான்களின் வழிவந்தோர். எகிப்தில் மறைந்து வாழ்ந்தவர்கள். வெளி ஆண்களோடு சேர்ந்து பிள்ளை பெற்றவர்கள். அவர்களும் பெண்களே, இரத்த உறவினரே. ஆயினும் தெமிஸ்கிராவினருக்கு அவர்கள் அயலார்தாம்.

1994-இல் வெளியான கதையில், வொண்டர் வுமன் இறப்பதாக அரசி கனவுபோல் முன்னரே காண்கிறார். மகளைக் காக்கப் புதிய போட்டி நடத்துகிறார். அதில் பானா-மிக்டாலின் ஆர்ட்டெமிஸ் வென்று அப்பட்டத்தைப் பெறுகிறாள். அதன் பின்னே காத்திருக்கும் சாவு அவளுக்குத் தெரியாது. 1995-இல் வந்த 100-ஆம் இதழில் அவள் கொல்லப்படுகிறாள். பிற்காலக் கதைகளில் அவள் மீண்டும் உயிர்பெற்று வருகிறாள்.