சாமுராய் வீட்டுப் பையனும் கலிஃபோர்னியா ஒயினும்

இன்னைக்குக் கலிஃபோர்னியா ஒயின் தொழிலின் முன்னோடிகளில் ஒருத்தரைப் பத்திப் பேசப்போறோம். பேரு கானாயே நாகசாவா.

1865. அனுமதியில்லாம ஜப்பானை விட்டு வெளியே போனா மரண தண்டனைன்னு இருந்த காலம். அதை மீறி சாட்சுமா பிரபு தன் ஆட்கள் 19 பேரை ரகசியமா பிரிட்டனுக்குக் கப்பல் ஏத்தினார். மாட்டிக்கக்கூடாதுன்னு மாற்றுப் பெயர்கள் வேற. அதில் ரொம்பச் சின்னவன், 13 வயசு சாமுராய் வீட்டுப் பையன். அப்போ வெச்ச 'நாகசாவா'ங்கிற பேருதான் கடைசிவரைக்கும் நிலைச்சது.

லண்டன் கல்லூரிக்கு வயசு பத்தலை. அதனால ஸ்காட்லாந்தில், அபர்டீனில் பள்ளிப்படிப்பு. 1867-ல் தாமஸ் லேக் ஹாரிஸ் என்ற ஆன்மிக குருவின் குழுவில் சேர்ந்து அமெரிக்கா போனார். 1875-ல் அந்தக் குழு கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் ஃபவுன்டன்குரோவ் என்ற எஸ்டேட்டை ஆரம்பிச்சது. திராட்சைத் தோட்டமும் ஒயினும் நாகசாவாவின் பொறுப்புக்கு வந்துச்சு. அந்த ஒயின் இங்கிலாந்து வரைக்கும் போச்சு. குரு கிளம்பினபிறகு, 1900-ல் எஸ்டேட்டே அவர் கைக்கு வந்தது.

சரி, இவ்வளவு பெரிய பேரு எப்படி மறைஞ்சது? கோடிங் பண்றவங்களுக்கு இது சட்டுனு புரியும். எங்கேயோ பழைய ஃபைலில் ஒரு 'இஃப்' கண்டிஷன் இருக்கும். மேல எழுதுற எல்லாமே அதை நம்பித்தான் ஓடும். அமெரிக்காவில் அந்தக் கண்டிஷன் 1790-ம் வருஷக் குடியுரிமைச் சட்டம். வெளிநாட்டில் பிறந்தவர் வெள்ளையரா இருந்தாத்தான் குடிமகனாக முடியும். 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தாங்க. ஆசியர்களுக்குக் கதவு மூடியேதான் இருந்தது.

1913-ல் கலிஃபோர்னியா அது மேல இன்னொரு சட்டம் கட்டினது: குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் விவசாய நிலம் வாங்க முடியாது. 'ஜப்பானியர்'ங்கிற வார்த்தையே அதில் இல்லை. தேவையும் இல்லை, பழைய கண்டிஷன் அந்த வேலையைப் பார்த்துக்கும். இந்தியர்களும் இதில் மாட்டினாங்க. அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்துக்கே 1923-ல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை இல்லைன்னு சொல்லிடுச்சு.

நாகசாவாவின் நிலம் 1913-க்கு முன்னாடியே வாங்கினது. அதனால அவர் உயிரோட இருந்தவரைக்கும் தப்பிச்சது. 1920-ல் வந்த மதுவிலக்கு 1933-ல் முடிஞ்சது. அடுத்த வருஷமே நாகசாவா இறந்துட்டார். குடும்பத்துக்குத் தோட்டம் மிஞ்சலை. இரண்டாம் உலகப் போரில் அந்தக் குடும்பத்தையே தடுப்பு முகாமுக்கு அனுப்பினாங்க.

1952-ல்தான் இனம் பார்த்துக் குடியுரிமை தர்ற முறை ஒழிஞ்சது. அதே வருஷம் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நிலச் சட்டத்தையும் தூக்கி எறிஞ்சது. நாகசாவா இறந்து 18 வருஷம் கழிச்சு!

ஃபவுன்டன்குரோவில் 1899-ல் கட்டின வட்டக் களஞ்சியம் ஒண்ணு ரொம்ப நாள் நின்னுச்சு. 2017 காட்டுத்தீயில் அதுவும் போயிடுச்சு. இப்போ சான்டா ரோசாவில் அவர் பேரில் ஒரு பூங்கா இருக்கு.

புலம்பெயர்ந்தவர்களோட வெற்றிக் கதையைக் கேட்கிறப்போ 'எப்படி உழைச்சார்'னு மட்டும் கேட்காதீங்க. 'அவர் பேரில் என்ன எழுத சட்டம் விட்டுச்சு'ன்னும் கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!