ஆங்கில இறந்தகாலமும் தமிழ் வழக்கும்

செய்தான், உண்டான், சென்றான், பாடினான் என்னும் வினைமுற்றுகளில் த், ட், ற், இன் ஆகியவை இறந்தகாலத்தைக் காட்டுகின்றன. பவணந்தி முனிவரின் நன்னூல் இவற்றை இறந்தகால இடைநிலைகள் என்று வகுத்துள்ளது. ஆங்கிலத்தில் ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ என ஈறு பெறும். ‘கோ’ என்பது ‘வென்ட்’ எனச் சொல்லே மாறும். இவ்வடிவங்களை மனப்பாடம் செய்துவிடலாம். எந்த இடத்தில் எந்த வடிவத்தை ஆள்வது என்பதில்தான் தமிழ் மாணவர்கள் தடுமாறுகின்றனர்.

சாவியைத் தொலைத்த மாணவன் ஒருவன் பள்ளி அலுவலகத்திற்குச் செல்கிறான். ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்று அவன் சொன்னால், சாவி தொலைந்த நிகழ்ச்சி மட்டுமே தெரியவரும். அது பின்னர்க் கிடைத்திருக்கவும் கூடும். ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்றால், சாவி இன்னும் கிடைக்கவில்லை என்பதும் அலுவலருக்கு உடனே விளங்கும். முன்னது இறந்தகாலம். பின்னது ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’, அதாவது நிகழ்கால முற்று. செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவோ இப்பொழுதும் நிற்கிறது. பெயரிலேயே நிகழ்காலம் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

தமிழிலும் இதை ஒத்த அமைப்பு உண்டு. ‘வந்து’ என்னும் வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை சேர்ந்து ‘வந்திருக்கிறது’ என ஆகிறது. ஆங்கிலம் ‘ஹேவ்’ என்னும் உடைமைச் சொல்லைத் துணையாகக் கொண்டது. இரண்டும் ஒன்றே என்று எண்ணிச் சொல்லுக்குச் சொல் மாற்றும்போதுதான் பிழை நேர்கிறது. ‘நேற்று ஒரு கடிதம் வந்திருக்கிறது’ என்பது நல்ல தமிழ். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது நேற்றே வந்ததை அறிந்து சொல்வது அது. ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘ஹேஸ் கம்’ வராது. ‘கேம்’ என்பதே வரும். முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் நிகழ்கால முற்றோடு பொருந்தாது. ‘வென் ஹேவ் யூ கம்?’ என்னும் கேள்வியும் இக்காரணத்தாலேயே பிழையாகிறது; ‘வென் டிட் யூ கம்?’ என்று கேட்க வேண்டும். ‘திஸ் வீக்’ என்பதோடு ‘ஹேவ்’ வரலாம். இந்த வாரம் இன்னும் முடியவில்லை அன்றோ!

மறைந்த பெரியோரைப் பற்றி எழுதும்போதும் இவ்வேறுபாடு தேவைப்படும். ‘பாரதியார் பல பாடல்களை எழுதியுள்ளார்’ என்பது தமிழில் இயல்பான தொடர். இதையே ‘ஹேஸ் ரிட்டன்’ என்று எழுதினால், கவிஞர் இன்றும் வாழ்கிறார், இன்னும் எழுதக்கூடும் என்று ஆங்கிலம் அறிந்தவர் எண்ணுவார். பாரதியார் 1921-இல் மறைந்தார். ஆகவே ‘ரோட்’ என்பதே பொருத்தம்.

‘போன வாரம் தில்லிக்குப் போயிருந்தேன்’ என்னும் தொடர் வேறொரு பிழைக்கு இடம் தருகிறது. போய்த் திரும்பி வந்ததைத் தமிழ் இவ்வாறு சொல்லும். இந்தியும் ‘கயா தா’ என்று சொல்லும். இரு மொழிகளின் வழக்கும் சேர்ந்து மாணவர்களை ‘ஐ ஹேட் கான் டு டெல்லி லாஸ்ட் வீக்’ என்று எழுதவைக்கின்றன. இங்கே ‘ஐ வென்ட்’ போதும். இறந்தகாலத்து நிகழ்ச்சி ஒன்றுக்கு முன்பே மற்றொன்று முடிந்திருந்தால்தான் ‘ஹேட்’ தேவை. ‘வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் லெஃப்ட்’ என்றால், சென்றவர்களின் கண்ணெதிரே வண்டி புறப்பட்டது என்று கொள்ளலாம். ‘த டிரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால், அவர்கள் சேர்வதற்குள் வண்டி போய்விட்டது.

‘மூன்று ஆண்டுகளாக இங்கே படிக்கிறேன்’ என்பதில் தமிழுக்கு நிகழ்காலமே போதுமானது. ஆங்கிலமோ ‘ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று முற்றை நாடும். கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நாளுக்கு ‘சின்ஸ்’. அமெரிக்கர்கள் ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்று இறந்தகாலத்திலேயே சொல்வதும் உண்டு. பள்ளித் தேர்வில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்று எழுதுவதே நன்று.

பயிற்சி: ‘அப்பா ஊருக்குப் போயிருக்கிறார். போன மாதமும் போயிருந்தார்.’ இவ்விரு தொடர்களையும் ஆங்கிலத்தில் எழுதுக. அவற்றுள் எதில் ‘ஹேஸ்’ வரும், எதில் வராது என்பதற்குக் காரணம் கூறுக.