ஓய்வறியாத மோட்டார்: மீன்தொட்டிச் சம்பிற்குப் பம்ப் வாங்கும் முன்

அத்திபெலேயிலும் எல்லைக்கு அப்பால் ஓசூரிலும் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்குச் ‘சம்ப்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வீட்டின் அடியில் ஒரு நிலத்தடித் தொட்டி, மாடியில் மற்றொரு தொட்டி, இரண்டையும் இணைக்கும் ஒரு மோட்டார் என்பது நாம் நாள்தோறும் காணும் ஏற்பாடு. வரவேற்பறையில் உள்ள பெரிய மீன்தொட்டிகளிலும் இதே ஏற்பாடு சிறிய வடிவில் அமைகிறது. மேல்தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியே கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்பிற்கு வருகிறது. அங்கே வடிகட்டப்பட்ட நீரை ‘ரிட்டர்ன் பம்ப்’ மீண்டும் மேலே அனுப்புகிறது.

இம்முறை புதியதன்று. 1871-ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்திலேயே, காட்சித் தொட்டிகளுக்குக் கீழே பெரிய நீர்த்தேக்கம் அமைத்துக் கடல்நீரைச் சுழற்றினர்.

ஆனால் மாடித் தொட்டி மோட்டாருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். இது இரவும் பகலும் ஓடவேண்டும். ஆகவே, கடையில் நாம் கொடுக்கும் விலை இதன் முழு விலை ஆகாது.

பெட்டியில் உள்ள எண்

120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 243 லிட்டர் கொள்ளும். நன்னீர் மீன்கள் வாழும் தொட்டியில், நீர் முழுவதும் மணிக்கு நான்கு முறை சுழன்றால் பொதுவாகப் போதுமானது. அதாவது, மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் மேலே சேரவேண்டும்.

பெட்டியில் ‘2,000 லிட்டர்’ என்று அச்சிட்டிருப்பது, நீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. உயரம் கூடக்கூட அது குறையும். சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டி வரையிலான உயரத்தோடு குழாய் வளைவுகளின் தடையையும் சேர்த்து ஒன்றரை மீட்டர் எனக் கொள்வோம். அதிகபட்சம் 2 மீட்டர் ஏற்றும் பம்ப் அங்கே தோராயமாக 500 லிட்டரே தரும். அதே 2,000 லிட்டர் எண்ணுடன் 3 மீட்டர் வரை ஏற்றும் பம்ப், ஏறத்தாழ 1,000 லிட்டர் தரும். ஆகையால் லிட்டரை மட்டும் பாராமல், ஏற்றும் உயரத்தையும் பார்க்கவேண்டும்.

பொருத்திய பின் சோதிப்பதும் எளிது. மேலே வந்து விழும் நீரை வாளியில் பிடியுங்கள். 10 லிட்டர் வாளி 36 விநாடியில் நிறைந்தால், மணிக்கு 1,000 லிட்டர் வருகிறது என்று பொருள். பம்ப் ஏற்றும் நீரைவிட வழிகுழாய் இறக்கும் நீர் குறைவாக இருந்தால் மேல்தொட்டி வழிந்துவிடும், அதையும் கவனிக்கவேண்டும்.

விலை வேறு, செலவு வேறு

ஒரே அளவு நீரை ஏற்றும் இரண்டு பம்ப்களில் ஒன்று 20 வாட்டும் மற்றொன்று 45 வாட்டும் இழுப்பதாகக் கொள்வோம். 25 வாட் வேறுபாடு சிறியதாகவே தோன்றும். ஆண்டு முழுவதும் ஓடும்போது அது 219 யூனிட் ஆகிறது. கணக்கிற்காக யூனிட் ஒன்று 7 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 1,533 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 7,665 ரூபாய். விலை குறைந்தது என்று வாங்கிய பம்ப் இறுதியில் விலை உயர்ந்ததாகிவிடலாம். மேலும், நீரில் மூழ்கி ஓடும் பம்ப் இழுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகி நீரிலேயே சேர்கிறது. கோடையில் இதுவும் மீன்களுக்குச் சுமையே.

மின்சாரம் நின்றால்

பம்ப் நின்றவுடன், மேல்தொட்டி நீர் வந்த குழாய் வழியே கீழே திரும்பத் தொடங்கும். குழாயின் வாய் நீர்மட்டத்திற்குக் கீழே 10 செ.மீ. மூழ்கியிருந்தால், நாம் எடுத்துக்கொண்ட தொட்டியில் 54 லிட்டர் நீர் கீழே இறங்கும். சம்பில் அவ்வளவு இடம் இல்லையெனில் வீட்டின் தரை நனையும். அடுக்குமாடியில் கீழ்வீட்டாரின் கூரையும் நனையும். இதைத் தவிர்க்கக் குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள்; மட்டத்திற்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இடுங்கள். நீர் அத்துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். அழுக்குப் படிந்தால் சரியாக மூடாத ஒருவழி வால்வை மட்டும் நம்பவேண்டாம். எல்லாம் பொருத்தியபின் நாமே சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நீரோட்டம் நெடுநேரம் நின்றால் ஆக்சிஜன் குறையும். மீன்கழிவின் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்களும் வடிகட்டியில் மடியும். குறைந்த வாட் பம்ப் இங்கேயும் உதவுகிறது. வீட்டு இன்வெர்ட்டர் அதனை நெடுநேரம் தாங்கும்.

பராமரிப்பு

உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரில் சுண்ணாம்பு படியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மின்இணைப்பைத் துண்டித்து, பம்பைக் கழற்றி, இம்பெல்லரை வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் ஓட்டம் மீளும். நீர் வழிந்து சுவிட்சை அடையாதபடி ஒயர் கீழே தொங்கி மேலே ஏறட்டும். 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் இணைப்பில் இருக்கட்டும்.

கடைக்குச் செல்லுமுன் தொட்டியின் கொள்ளளவு, நீர் ஏறவேண்டிய உயரம், சம்பில் எஞ்சும் இடம் ஆகிய மூன்றையும் தாளில் குறித்துக்கொள்வோம். கடையில் பம்பின் வாட்டையும் சேர்த்துப் பார்ப்போம். மீன்களும் நலமாக இருக்கும். மாதாந்திர மின்கட்டணமும் நம் கைக்குள் நிற்கும்.