மருந்து கற்பிப்போர்

கெலிஓயாவில் வாழும் எம்மவர்க்குப் பேராதனை அயலூரேயாம். கம்பளை வீதியிற் பேருந்தேறினாற் சிறிது நேரத்திற் பல்கலைக்கழகத்தை அடையலாம். ஆயினும், அங்கு இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் மருந்தாக்கற்றுறை என ஒன்று உண்டென்பதையும், அதிற் பணியாற்றுவோர் யாவர் என்பதையும் எம்மிற் பலர் அறியார். மருத்துவ பீடத்திற்குப் பிள்ளை தெரிவாகவில்லையே என வருந்தும் பெற்றோர் சிலர், நான்காண்டு கற்றுப் பெறும் மருந்தாக்கற் பட்டத்தை இரண்டாந்தரமாக எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாதென்பது எமது துணிபு.

மருந்து உடலினுட் சென்று யாது செய்கின்றது என ஆராய்வது மருந்தியல். அம்மருந்தை ஆக்குதல், அளத்தல், சோதித்தல், நோயாளி கையிற் பிழையின்றி ஒப்படைத்தல் ஆகியன மருந்தாக்கலின்பாற்படும். ஆகவே இத்துறைக்கு ஒருவகை ஆசிரியர் மாத்திரம் போதார். இரசாயனம் வல்லார் ஒருவர், மூலிகைகளின் கூறுகளை அறிந்தார் ஒருவர், வாட்டிலே நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பிக்கவல்லார் ஒருவர் எனப் பலர் வேண்டும்.

இவர்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர் ஆய்வுகூடத்துத் தொழினுட்ப உத்தியோகத்தர். பரசிற்றமோல் மாத்திரை கரையும் வேகத்தைச் சோதிக்கும் ஒரு முறையைப் பாருங்கள். 900 மில்லிலீற்றர் கரைசலை 37 பாகை செல்சியசில் நிறுத்தி, நிமிடத்திற்கு 50 முறை சுழலுந் துடுப்பினாற் கலக்கி, 30 நிமிடத்தில் எவ்வளவு மருந்து கரைந்ததென அளப்பர். வெப்பம் தவறினும் தராசு பிசகினும் பேராசிரியரின் புலமை அங்கு உதவாது. கருவிகளை நாடோறுஞ் சரிபார்ப்பவரின் பெயரோ பட்டமளிப்பு விழாவில் ஒலிப்பதில்லை.

இத்துறை தோன்றுமுன்னரே மருந்தை மக்கள் நலத்தோடு பிணைத்துச் சிந்தித்த ஒருவர் பேராதனையில் இருந்தார். அவர் மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே. மருத்துவ பீடாதிபதியாகவும் விளங்கிய அவர், 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் றலைவரானார். வியாபாரப் பெயர்கள் பலவாயினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றேயாயின், மலிவானதை ஏன் வாங்கலாகாது என்பதே அவர் வினா. இறக்குமதியான மருந்து வகைகள் ஏறத்தாழ 2,100 இலிருந்து 600 அளவாகக் குறைக்கப்பட்டன. 1977 இல் கயானாவில் அவர் காலமானார். இன்றும் நாம் கடையிற் சென்று பனடோல் என்றே கேட்கின்றோம். பரசிற்றமோல் என்று கேட்பார் அரியர்! பழக்கம் அத்துணை வலிது.

மலைநாட்டில் இக்கல்வியின் பயன் மிகத் தெளிவாகப் புலப்படும். காய்ச்சலுற்ற குழந்தைக்குக் கொடுக்கும் பரசிற்றமோற் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து உண்டு. நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் எனக் கணித்தால், 16 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு 10 மில்லிலீற்றர் ஆகும். வீட்டுத் தேக்கரண்டிகளோ ஒன்று போல் ஒன்றில்லை. தோட்டத்திலிருந்து வந்த தாய்க்குத் தரப்படும் உறையில் எழுத்துச் சிங்களமாகவோ ஆங்கிலமாகவோ இருப்பின், அவள் எதனைக் கொண்டு அளப்பாள்? அளவு மிஞ்சினால் ஈரல் கெடும். குறைந்தாற் காய்ச்சல் தணியாது. இவற்றை அவளுக்கு விளங்கும் மொழியிற் சொல்லுதலும் மருந்தாளரின் கடமையே. இதனைப் புத்தகத்தால் மாத்திரம் கற்பித்தல் இயலாது.

கற்பிப்போரைக் காத்தலும் இன்று எளிதன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டின் பல்கலைக்கழகங்களிலிருந்து விரிவுரையாளர் பலர் வெளிநாடு சென்றனர். ஓரிடம் வெறிதாயின், எஞ்சியோர் அப்பாடத்தையுஞ் சுமப்பர். செய்முறை வகுப்புக்கு வேண்டிய நேரமே முதலிற் குறையும்.

உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் பயிலும் எம் கல்லூரி மாணவர், இசற் புள்ளியடிப்படையில் இத்துறைக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்றுமொழி ஆங்கிலம். ஆயினும் கண்டியிலோ கம்பளையிலோ மருந்து வாங்கும் சாளரத்தின் முன் நிற்பவர் பலர் தமிழிலேயே வினவுவர். தமிழறிந்த மருந்தாளர் அங்கு வேண்டும்.