கடலில் விழுந்தவரை மீட்டல்

மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் செல்லும் கப்பல், ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 460 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். பெருங்கப்பலை உடனே நிறுத்தவும் இயலாது. ஆகவே, தளத்திலிருந்து தவறி விழும் மாலுமிக்கு நீச்சல் தெரிந்திருப்பது மட்டும் போதாது. அலைகளுக்கிடையே அவரது தலை சிறு புள்ளியாகி மறைந்துவிடும். அவரை மிதக்கவைத்தல், இருப்பிடம் அறிதல், மேலேற்றுதல் ஆகிய மூன்று பணிகளுக்காகவே மீட்புக் கருவிகள் அமைந்துள்ளன.

மிதக்கவைத்தல்

1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியதன் விளைவாக, கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1914இல் உருவாயிற்று. இன்று நடைமுறையில் இருப்பது 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையாகும். அது குறிப்பிடும் கருவிகளுள் உயிர்காப்பு வளையமும் ஒன்று. 14.5 கிலோகிராம் இரும்பை நன்னீரில் 24 மணிநேரம் தாங்கும் திறன் அதற்கு இருத்தல் வேண்டும். மனித உடலின் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்வதால், இம்மிதப்பாற்றல் ஒருவரைக் காக்கப் போதுமானது.

இருப்பிடம் அறிதல்

சில வளையங்களுடன் தானே எரியும் விளக்கும் புகைக்குறியும் இணைக்கப்பட்டிருக்கும். விளக்கு குறைந்தது 2 மணிநேரம் ஒளிரும். புகைக்குறி குறைந்தது 15 நிமிடம் புகையை வெளியிடும். பகலில் புகையும் இரவில் ஒளியும் வழிகாட்டும். எனினும், விழுந்தவரைக் கண்டவர் உரக்கக் குரலெழுப்பியபின், அவரையே நோக்கிக் கைநீட்டிச் சுட்டியவாறு நிற்றல் இன்றியமையாதது.

அதேவேளையில் கப்பலைத் திருப்ப வேண்டும். முதலில், அவர் விழுந்த பக்கமாகவே சுக்கானை முழுமையாகத் திருப்புவர். இதனால் கப்பலின் பின்பகுதியும் சுழல்விசிறியும் அவரைவிட்டு விலகும். கப்பல் 60 பாகை திரும்பியதும் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்புவர். கப்பல் தான் வந்த தடத்திலேயே மீளும். ‘வில்லியம்சன் திருப்பம்’ எனப்படும் இம்முறை, விழுந்தவர் கண்ணுக்குத் தெரியாத இரவிலும் மூடுபனியிலும் பெரிதும் பயன்படும்.

மேலேற்றுதல்

அருகில் சென்றடைந்த பின்னரே மிகக் கடினமான பணி தொடங்குகிறது. குளிர்ந்த நீரில் சில நிமிடங்களிலேயே கைவிரல்கள் வலுவிழக்கும்; முகத்தருகே தொங்கும் கயிற்றைக்கூட அவரால் பற்ற இயலாமற் போகலாம். கப்பலின் பக்கமோ சுவர்போல் உயர்ந்து நிற்கும். எனவே, மீட்புப் படகு, ஏறுவலை, மீட்புத் தொட்டில் ஆகியன பயன்படுகின்றன.

நெடுநேரம் குளிர்நீரில் இருந்தவரை நிமிர்ந்த நிலையில் தூக்குதல் ஆபத்தானது. உடலைச் சூழ்ந்திருந்த நீரின் அழுத்தம் திடீரென நீங்குவதால், இரத்த அழுத்தம் சரிந்து உயிர் பிரியவும் கூடும். ஆகையால், இயன்றவரை கிடைநிலையிலேயே தூக்குதல் வேண்டும்.

நீரில் உள்ளோரை மீட்கும் செயல்திட்டத்தைக் கப்பல்கள் தத்தம் அமைப்புக்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும் என்னும் விதி 2014இல் நடைமுறைக்கு வந்தது. வளையத்தை எறிபவர், சுட்டி நிற்பவர், சுக்கானைப் பிடிப்பவர், படகை இறக்குபவர் ஆகியோர் தத்தம் கடமையை முன்பே பயின்றிருந்தால்தான் இக்கருவிகள் ஓர் உயிரைக் காக்கும்.