இரவில் பயிர்ப் பூச்சிகளைப் பிளாஷ் விளக்குடன் படமெடுத்தல்

கமக்காரருக்கு நட்டம் விளைக்கும் பூச்சிகளுட் பல பகலில் மறைந்திருந்து இரவிலே நடமாடுவன. 2018 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் சோளன் பயிரைத் தாக்கிப் பெருநட்டம் விளைத்த படைப்புழுவின் தாய் அந்தும் இரவிற் பறப்பதே. பூச்சி இன்னதென அறியாது மருந்து தெளித்தாற் பணம் வீணாவதுடன், தத்திகளைத் தின்னும் சிலந்திகளும் மடிகின்றன. அதன் பின்னர் கபிலநிறத் தத்தி முன்னிலும் பெருகக் கூடும். தெளிவான படமொன்று இருப்பின், விவசாயப் போதனாசிரியர் வயலுக்கு வருமுன்பே பூச்சியை அறிந்துகொள்ள இயலும்.

பிளாஷ் விளக்கைத் தானியங்கு முறையில் விட்டால் இரவிற் படம் பெரும்பாலும் கெடும். பின்னணி முழுவதும் இருளாயிருப்பதாற் கருவி ஏமாந்து, வேண்டியதற்கு மிகுதியாக ஒளியைப் பாய்ச்சுகிறது. கத்தரியின் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவின் அந்து வெண்ணிறமானது. அதன் சிறகிலுள்ள கபிலநிறத் திட்டுக்களே அடையாளம். ஒளி மிகுந்தால் அத்திட்டுக்கள் வெளிறி, வெறும் வெள்ளைப் பூச்சியே படத்தில் எஞ்சும். ஆதலின் விளக்கின் வலிமையை நாமே கையால் அமைத்தல் வேண்டும்.

கருவியில் ஐ.எஸ்.ஓ. 100, சட்டர் வேகம் செக்கனில் 1/125, துவாரம் எஃப் 11 அல்லது 16 என வைத்துக்கொள்க. துவாரம் சிறுத்தால்தான் பூச்சியின் தலை முதல் வால் வரை ஓரளவு தெளிவாக விழும். விளக்கை 1/16 வலிமையில் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்க. வெளிறினால் 1/32 ஆகக் குறைக்க. இருண்டால் 1/8 ஆகக் கூட்டுக. விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் ஒளி நான்கு மடங்காகும். எனவே ஓரிரு அங்குலம் அசைந்தாலும் படம் மாறும். பூச்சி வில்லையை நிறைக்குமளவுக்கு நெருங்கினால் துவாரத்தூடு வரும் ஒளி குறைகிறது. அப்போது வலிமையைக் கூட்ட நேரும். வலிமை குறையக் குறைய வெளிச்சம் விழும் நேரமும் மிகக் குறுகுவதால், காற்றில் ஆடும் நெற்றாளும் படத்திற் கலங்காது நிற்கும்.

விளக்கைக் கருவியின் மேலேயே பொருத்தி வைத்தால் நீண்ட வில்லையின் நிழல் பூச்சியின் மேல் விழும். கம்பி இணைப்புக் கொண்டோ, கம்பியில்லா இணைப்புக் கொண்டோ விளக்கைத் தனியே இடக்கையிற் பிடித்து, மெல்லிய வெள்ளைத் தாளை அதன் முன் கட்டுக. கபிலநிறத் தத்தி நெற்றூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். மேலிருந்து ஒளி அங்கே சேராது. விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டிற் பிடித்தல் வேண்டும். தண்டு துளைப்பானின் பெண் அந்துக்கு மஞ்சட் சிறகில் ஒவ்வொரு கரும்புள்ளி உண்டு. அதனை நேர் மேலிருந்து எடுத்தல் நன்று. குவியம் பார்ப்பதற்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டோர்ச் விளக்குப் போதும். பல பூச்சிகள் செவ்வொளியை நன்கு உணர்வதில்லை.

பழகுவதற்கு வயலுக்கே போக வேண்டுமென்பதில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முற்றத்திலோ மொட்டைமாடியிலோ சாடிகளிற் கத்தரியும் மிளகாயும் வளர்ப்போர் அங்கேயே பயிலலாம். மழை பெய்த இரவில் ஆபிரிக்க நத்தை கண்ணிற்பட்டால் நல்லது; அது ஓடிப்போகாது. குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுவந்தால் வில்லையிற் பனி படியும். கால் மணித்தியாலம் பொறுத்தே எடுக்க.

வயலிற் காலணியின்றி இறங்கலாகாது. வரம்பிற் பாம்பு இருக்கக்கூடும். பூச்சியுடன் ஓர் அளவுகோலையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, பயிர், இடம், திகதி, நேரம் ஆகியவற்றை எழுதிப் போதனாசிரியருக்கு அனுப்புக. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.