பரண் மேலே ஒரு போர்வை!



"சென்னையில் போர்வையா? எங்களுக்கு ஃபேன்தானே டீச்சர் வேணும்!" என்று சிரிக்கிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன், 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி இரவு வரைக்கும்.

அன்று பகல் முழுக்க விடாத மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். எங்கள் அம்பத்தூர் பக்கம் அடையாறு வராது. ஆனால் அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் நிரம்பி, தெருவெல்லாம் வெள்ளம்.

இரவில் கரண்ட் போனது. வாசற்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. அப்போது என் அம்மாவுக்கு 80 வயதுக்கு மேல். கைத்தாங்கலாக மாடி வீட்டுக்கு அழைத்துப் போவதற்குள் புடவை முழுக்க நனைந்துவிட்டது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. போர்வை எடுக்க ஓடினேன். எங்கள் வீட்டில் ஆறு போர்வைகள் உண்டு. ஆறும் பீரோவின் அடித்தட்டில்! தண்ணீர் குடித்துக் கல் மாதிரி கனத்தன.

மாடி வீட்டுச் சிறுமி ஐந்தாம் வகுப்பு, என்னிடம் படித்தவள். பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை இறக்கினாள். உள்ளே காய்ந்த சென்னிமலைப் போர்வை. நான் அவசரமாகப் போர்த்தப் போனேன். "டீச்சர், முதல்ல பாட்டியோட ஈரப் புடவையை மாத்துங்க. ஈரம் காயறப்போ சூட்டை எடுத்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றாள். பாடம் நடத்திய நானே பதற்றத்தில் மறந்துவிட்டேன். உலர்ந்த துணி மாற்றிப் போர்த்திய பிறகுதான் நடுக்கம் மெல்ல அடங்கியது.

சென்னையில் எப்படிக் குளிரும்? நம் உடம்பின் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். உடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் இது சீக்கிரம் தாக்கும்.

இப்போது கடைகளில் 'வெள்ளிப் போர்வை' கிடைக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியப் பூச்சு; அவ்வளவுதான். 1964-ல் அமெரிக்காவின் 'நாசா' விண்வெளி வேலைகளுக்காக உருவாக்கியது. 1973-ல் 'ஸ்கைலாப்' விண்வெளி நிலையத்தின் வெயில் தடுப்பு பிய்ந்துபோனபோது, இதே மாதிரிப் பூச்சுத் துணியில் குடை செய்து விரித்துத்தான் வீரர்கள் உள்ளே சூட்டைத் தணித்தார்கள். அங்கே வெயிலைத் திருப்பி அனுப்பியது. இங்கே நம் உடம்புச் சூட்டை நம்மிடமே திருப்பி அனுப்புகிறது. எடை 50, 60 கிராம்தான். மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும்.

செய்து பாருங்கள்: சாப்பாடு பார்சல் சுற்றும் வெள்ளித் தாளைக் கன்னத்தில் படாமல் மிக அருகில் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் கதகதப்பு தெரியும். அது உங்கள் சூடுதான்!

ஆனால் இது தானாகச் சூடு தராது. உலர்ந்த துணி முதலில், துணிப் போர்வை அடுத்து, வெள்ளிப் போர்வை வெளியே. ஈரத் தரையில் படுக்காமல், கீழே பாயோ பழைய செய்தித்தாளோ விரிக்க வேண்டும். முகத்தை மூடவே கூடாது. மெழுகுவர்த்தி, அடுப்பு அருகே கொண்டுபோனால் உருகிவிடும். அலுமினியத்தில் மின்சாரம் பாயும். ஒயர் பக்கமும் வேண்டாம்.

வெள்ளிப் போர்வை வாங்க முடியாவிட்டால் கவலை வேண்டாம். வீட்டுப் போர்வையையே வீட்டில் உள்ள ஆளுக்கு ஒன்றாக, மாற்றுத் துணியோடு கெட்டியான பிளாஸ்டிக் கவரில் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டுங்கள். பக்கத்திலேயே டார்ச், மருந்து மாத்திரை, குடிநீர். பரணில் ஏற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் பிரித்து வெயிலில் காயவைத்துத் திரும்பக் கட்டுங்கள். கவர் மேலே 1077 என்று எழுதுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் அது. யாருக்காவது நடுக்கம் நிற்காமல், பேச்சு குழறினால் உடனே 108.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோது எங்கள் தெருவில் மறுபடியும் தண்ணீர். இந்த முறை எங்கள் போர்வைகள் பரணில் இருந்தன. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு ஒன்று கொடுத்தேன். அதைத் தொட்டபோது, எனக்குப் பாடம் சொன்ன அந்த ஐந்தாம் வகுப்பு மாணவியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: இன்றைக்கே போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டுப் போர்வை எந்தத் தட்டில் இருக்கிறது?